பதினான்கு நொடி

என் பிழைப்பு, பிறர் ஆசைப்பட்ட காரில்
குறை தேடுவது.
மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி
ஆசையின் அடிவயிற்றில் டார்ச் அடிப்பேன்.

பெர்கன் நகரில் வருஷத்துக்கு
இருநூறு நாளுக்குக் குறையாத மழை.
இங்கே கூரை திறக்கும் காரை
விற்பவரும் வாங்குபவரும் ஒரே முகத்தோடு வருவார்கள்:
மண்டபம் மாறி நுழைந்துவிட்டு
சரி, சாப்பிட்டே போவோம் என்று
உட்கார்ந்துவிட்ட விருந்தாளியின் முகம்.

தூருன் அந்த முகத்தோடு வரவில்லை.
ஐம்பத்தேழு வயது. துறைமுக பைலட்.
நடுராத்திரியில், எண்ணெய்க் கப்பலின் விலாவில் தொங்கும்
கயிற்றேணி ஏறிப் பழகிய முழங்கால்.
அதை மடித்துத் தாழ்ந்த இருக்கைக்குள் இறங்கும்போது மட்டும்
ஒரு சின்ன முனகல்.

விற்பவர் பல் டாக்டர் ஐவின்.
பாராடீஸ் என்று பேர்கொண்ட பேட்டையில் வீடு;
சொர்க்கம் என்று அர்த்தம், அங்கேயும் மழைதான்.
வெள்ளி நிறம், பதினோரு வயது,
அறுபத்தோராயிரம் கிலோமீட்டர்.
"பனிக்காலத்தில் வெளியே எடுத்ததே இல்லை" என்றார்.
தினமும் பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று
அவரிடம் நோயாளிகள் சொல்வார்களே, அந்தக் குரலில்.

பெயின்ட்டின் தடிமன் அளக்கும் கருவியை வைத்தேன்.
எங்கும் நூற்றுப்பத்து மைக்ரான்.
வலது பின்சக்கரத்துக்கு மேல் முந்நூற்று நாற்பது.
"ஒரு தூண்" என்றார்.
தூண் நகர்ந்து வந்ததா என்று நான் கேட்கவில்லை.
இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தை அழுத்தினேன்;
விரலிடுக்கில் நீர் ஏறியது.
வடிகுழி நிறைய பிர்ச் இலைகள்.
போன இலையுதிர்காலம்
வாடகை கொடுக்காமல் அங்கே குடியிருந்தது.
எஞ்சின் சத்தத்தில் மட்டும் ஒரு குறையுமில்லை.
அதுதான் இடைஞ்சல்.

எழுபதுக்கு மேல் ஓட்டினால்
மழை தலைக்கு மேலாகவே போய்விடும் என்றார் டாக்டர்.
உண்மைதான்.
அந்தச் சாலையில் அறுபதுதான் அனுமதி.
அதுவும் உண்மைதான்.

தூறலில், சிவப்பு விளக்கில்
தூருன் பொத்தானை அழுத்தினாள்.
கூரை திறக்கப் பதினான்கு நொடி.
ஒன்பதில் பச்சை விழுந்தது.
பின்னால் ஹாரன். பக்கத்துப் பேருந்தில்
ஜன்னல் முழுக்க முகங்கள்.
பாதி வாய் பிளந்த கூரையோடு,
மூக்கு நுனியில் நீர் சொட்ட,
மீதி ஐந்து நொடியையும் அவசரமில்லாமல் செலவழித்தாள்,
கரையணையும் கப்பலுக்குக் காட்டும் பொறுமையோடு.

மேட்டில் நிறுத்தி நோட்டை எடுத்தாள்.
காப்பீடு, குளிர்கால டயர், கொட்டகை வாடகை,
நான் சொன்ன பழுதுகளுக்கு எண்பத்து நாலாயிரம் குரோனர்.
ஓரத்தில், தங்கை ஹில்தூர் சொன்னதாம்:
அந்தக் காசுக்கு கிரீஸில் மூன்று மாத வெயில் வாங்கலாம்.
கீழே, இந்த ஊரின் வெயில் நாட்கள்; பாதியில் அவள் கடலில்.
வகுத்தாள்.
கூரை திறந்த ஒரு மணிக்கு இரண்டாயிரத்து முந்நூறு.
"என் கூலியைவிட அதிகம்" என்றேன்.
சிரித்தாள். பென்சில் நின்றது.

"முப்பது வருஷமாய்க் கப்பல் மேடையில் நின்று
வலம் பத்து, இடம் ஐந்து, நேர் என்கிறேன்.
திருப்புவது வேறொருவன் கை.
அத்தனை கப்பலில் ஒன்றின் சுக்கானையும்
நான் தொட்டதில்லை, தெரியுமா?
வீட்டு மின்காரோ, கோட்டைத் தாண்டினால்
தானே திரும்பிக்கொள்கிறது,
நான் ஏதோ தூங்கிவிட்டது மாதிரி."

அறிக்கையில் எழுதினேன்:
இந்த விலைக்கு வாங்கத் தகுந்ததல்ல.
இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்றமாட்டேன்.

மூன்று வாரம் கழித்து போன்.
நலமா என்றுகூடக் கேட்கவில்லை.
"அந்த வடிகுழியை எதைக்கொண்டு குத்துவது?"
"புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் இழை.
கம்பி வேண்டாம், குழாய் ஓட்டையாகும்."
"சரி" என்றாள்.
அவள் குரலுக்குப் பின்னால் மழை.
கூரைமேல் விழும் ஓசையா
இருக்கைமேல் விழும் ஓசையா,
போனைக் காதோடு அழுத்தியும் பிடிபடவில்லை.